செவ்வாய்க்கிழமை மழை

தொண்டூர்,
20.01.2025

பூங்குழலிக்கு,

என் இருபத்தேழு வருஷ மழையை நீ ஒரே வரியில் தள்ளிவிட்டாய். இதுதான் நீ செய்த தப்பு. நலம் விசாரிப்பதற்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று முதலிலேயே எழுதுகிறேன்.

பொங்கலுக்கு வந்தபோது உன் பிராஜெக்ட் நகலை வீட்டில் விட்டுவிட்டுப் போயிருக்கிறாய். உன் அப்பன் ஆனந்தராஜ் அதைத் தூக்கிக்கொண்டு செஞ்சியில் என் கடைக்கே வந்துவிட்டான். மோட்டார் காயில் கட்டக் கொண்டுவந்த நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு முன்னால், "எங்க அண்ணன் பேரு யுனிவர்சிட்டி புஸ்தகத்துல வந்துருக்குது" என்று நீட்டினான். ஆனந்தராஜுக்கு இங்கிலீஷ் தெரியாது. எனக்குத் தெரியும். எட்டாவதோடு நின்றவன்தான், ஆனால் மோட்டார் வைண்டிங் புத்தகத்தை டிக்‌ஷனரி வைத்துப் படித்தே தொழில் பழகியவன். பதினேழாம் பக்கத்து வரியை நான்கு முறை படித்தேன். தொண்டூரில் தனகோட்டி என்ற தனிநபர் எழுதிவைத்த மழைப் பதிவு நம்பத் தகுந்ததாக இல்லை, ஆகவே ஆய்விலிருந்து நீக்கப்பட்டது. உன் அப்பனிடம் அதைச் சொல்லவில்லை. ஆமாம், என் பேர்தான் என்று சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

விவசாய ஆபீஸ்காரர்கள் வேண்டாம் என்று மூலையில் போட்ட மழைமானியைக் கேட்டு வாங்கி, நம் கொல்லையில் சிமென்ட் மேடை கட்டி நிறுத்தியவன் நான். அதோடு வந்த விதிமுறைத் தாளில் பாதியைக் கறையான் தின்றிருந்தது. மீதியைப் படித்து மனப்பாடம் செய்தேன். 1998 ஜனவரி முதல் தேதியிலிருந்து காலை எட்டரைக்கு அளந்துவிட்டுத்தான் ஒன்பது மணி பஸ் பிடிப்பேன். என் கல்யாண நாளிலும் அளந்தேன். யாரும் சம்பளம் கொடுக்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

இதை நம்ப முடியாது என்று நீ எந்தக் கணக்கில் சொன்னாய்? போனில் சமாதானம் சொல்லாதே. நேற்று நீ போட்ட வாய்ஸ் மெசேஜை நான் கேட்கவில்லை. அச்சில் எழுதியதற்கு எழுத்தில் பதில் சொல்.

தனகோட்டி

*

விசாகப்பட்டினம்,
02.02.2025

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

நீங்கள் அதைப் படிப்பதற்கு முன் நானே சொல்லியிருக்க வேண்டும். பொங்கல் மூன்று நாளும் சொல்ல வாய் வரவில்லை. அது என் தப்பு. ஆனால் வரியை நான் கோபத்திலோ அலட்சியத்திலோ எழுதவில்லை.

கணக்கு கேட்டீர்கள். என் ஆய்வு வடகிழக்குப் பருவமழை பற்றியது. செஞ்சி அரசுப் பதிவையும் உங்கள் பதிவையும் நாள்வாரியாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இரண்டு ஊருக்கும் நடுவில் பஸ்ஸில் அரை மணி தூரம்தான். செஞ்சியில் பெருமழை பதிவான நாளில் உங்கள் நோட்டில் பூஜ்யம் இருக்கிறது. உங்களிடம் பெருமழை இருக்கும் நாளில் செஞ்சியில் பூஜ்யம். ஒரு வருஷம் அப்படி என்றால் விட்டுவிடலாம். எல்லா வருஷமும் அப்படி. நீங்கள் வாரத்துக்கு ஒருமுறை நினைவிலிருந்து எழுதுகிறீர்களோ என்று பேராசிரியர் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. காரணம் தெரியாத பதிவைச் சேர்க்கக் கூடாது என்றார். நீக்கினேன்.

எனக்கும் சொல்ல இருக்கிறது, பெரியப்பா. இந்தப் படிப்புக்கு இடம் கிடைத்தபோது எங்கள் வீட்டுக்கு வந்து, "மழை வருமான்னு சொல்ல மூணு வருஷமா? தவளை சொல்லிடும்" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். நைனா அதற்குப் பிறகு ஒரு மாதம் முடிவே சொல்லவில்லை. போன தீபாவளிக்கு நோட்டுகளைக் கேட்டேன். வீட்டை விட்டு வெளியே போகாது, போட்டோ எடுக்கக் கூடாது என்றீர்கள். மூன்று நாள் உங்கள் கூடத்தில் உட்கார்ந்து அக்டோபர் முதல் டிசம்பர் வரை கையால் நகல் எடுத்தேன். இருபத்தேழு நோட்டு, கடைசி நோட்டில் அக்டோபர் மட்டும். மூன்று நாளில் ஒருமுறைகூட, என்ன படிக்கிறாய், இதை வைத்து என்ன செய்யப்போகிறாய் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் கேட்டிருப்பேன்.

இப்போது கேட்கிறேன். எட்டரைக்கு அளந்த பிறகு நோட்டில் என்ன செய்வீர்கள்? ஒவ்வொரு படியாக எழுதுங்கள். ஏப்ரல் பதினைந்து வரை நேரம் இருக்கிறது. அன்றுதான் இறுதிப் பிரதி கொடுக்க வேண்டும். நீக்கியதைத் திரும்பச் சேர்க்க முடியுமானால் சேர்ப்பேன்.

பூங்குழலி

*

தொண்டூர்,
10.02.2025

பூங்குழலிக்கு,

தவளை பற்றி நான் சொன்னது உண்மைதான். அதை இப்போது திரும்ப எடுத்துக்கொள்ளப்போவதில்லை. உன் அப்பன் ஒரு மாதம் யோசித்தான் என்றால் அது அவன் குணம். அவன் மாடு வாங்கவும் ஒரு மாதம் யோசிப்பான்.

படிப்படியாகக் கேட்டிருக்கிறாய். எட்டேகாலுக்குக் கொல்லைக்குப் போவேன். புனலை எடுப்பேன். பாட்டிலில் இருக்கும் தண்ணீரைக் கண்ணாடி அளவைக் குடுவையில் ஊற்றுவேன். குடுவையைக் கையில் பிடிக்காமல் மேடைமேல் வைத்து, கண்ணைத் தண்ணீர் மட்டத்துக்குத் தாழ்த்திப் பார்ப்பேன். இப்போது முழங்கால் வலிக்கிறது, ஆனாலும் மண்டியிட்டுத்தான் பார்க்கிறேன். வீட்டுக்கு வந்து நோட்டில் எழுதுவேன். முந்தைய நாள் தேதிக்கு நேராக எழுதுவேன்.

இதில் புரியாதது என்ன இருக்கிறது? 2017 அக்டோபர் 31, செவ்வாய்க்கிழமை. சாயங்காலம் ஐந்து மணிக்குப் பிடித்த மழை எட்டு மணிக்கு விட்டது. மறுநாள் புதன் காலையில் அளந்தேன். 75.4 மில்லிமீட்டர். செவ்வாய்க்கிழமை பெய்த மழையைச் செவ்வாய்க்கிழமைக்கு நேராக எழுதினேன். வேறு எங்கே எழுதுவார்கள்? செவ்வாய்க்கிழமை செத்தவனுக்குப் புதன்கிழமை என்று கல்வெட்டு வைப்பார்களா?

செஞ்சிப் பதிவில் அது மறுநாளில் இருக்கும் என்பது எனக்குத் தெரியும். பேப்பரில் வருவதைப் பார்த்திருக்கிறேன். ஆபீஸில் எதுதான் அன்றைக்கே நடக்கிறது என்று விட்டுவிட்டேன். தாமதம் அவர்களுடையது. அவர்கள் பதிவைத்தான் நம்பத் தகாதது என்று நீ எழுதியிருக்க வேண்டும். அப்படியே திருத்து.

தனகோட்டி

*

விசாகப்பட்டினம்,
21.02.2025

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை விடுதி வாசலில் நின்றபடியே படித்தேன். கல்வெட்டு வரி வந்ததும் சத்தமாகச் சிரித்துவிட்டேன். என் அறைத்தோழிக்கு அதைத் தெலுங்கில் சொல்லிப் பார்த்தேன். அவளும் உங்கள் கட்சிதான்.

ஆனால் ஆபீஸ் தாமதம் இல்லை, பெரியப்பா. நாடு முழுக்க ஒரு விதி இருக்கிறது. முந்தைய நாள் எட்டரையிலிருந்து இன்று எட்டரை வரை பெய்த மழையை, அளந்த நாளின் தேதியில் எழுத வேண்டும். இன்று காலை அளந்தால் இன்றைய தேதி. விடியற்காலை மூன்று மணிக்குப் பெய்தது எந்தக் கிழமை என்று சண்டை வராமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. உங்கள் முறையில், புதன் காலை ஏழு மணிக்குப் பெய்த மழையும் செவ்வாய்க்குத்தானே போகும்? கறையான் தின்ற பாதியில் அந்த விதி இருந்திருக்க வேண்டும்.

அன்றே லேபுக்குப் போய் உங்கள் பதிவு முழுவதையும் ஒரு நாள் முன்னே தள்ளினேன். திரையில் இரண்டு கோடுகளும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கின. சிறிய மழைகளில் வேறுபாடு இருக்கிறது, இருக்கத்தான் வேண்டும், ஊர் வேறு. பேராசிரியரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நெடுநேரம் பார்த்தார். மழைமானி வைத்துவிட்டு மறந்துபோகிறவர்களைத்தான் பார்த்திருக்கிறேன், ஒரே தப்பை இருபத்தேழு வருஷம் ஒரு நாள் விடாமல் செய்தவரை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். தினமும் அளக்காதவரால் இது முடியாது என்றும் சொன்னார். பதினேழாம் பக்கத்து வரியை அடித்துவிட்டேன்.

இங்கேயே முடித்துவிட ஆசைதான். ஒன்று மிச்சம் இருக்கிறது.

2019 அக்டோபர் 24 முதல் டிசம்பர் 3 வரை நாற்பத்தொரு நாள். அந்த நாட்களை மட்டும் தள்ள வேண்டியதே இல்லை. தள்ளினால்தான் பொருந்தாமல் போகிறது. தள்ளாமல் வைத்தால் செஞ்சிப் பதிவோடு பொருந்துகிறது. சுமாராக இல்லை, புள்ளிக்குப் பின்னால் இருக்கும் எண் வரைக்கும். டிசம்பர் 4 முதல் மறுபடி உங்கள் வழக்கமான ஒரு நாள் வித்தியாசம் வந்துவிடுகிறது. பேராசிரியரும் பார்த்துவிட்டார். உன் பெரியப்பாவிடமே கேள் என்றார்.

அந்த நாற்பத்தொரு நாள் என்ன நடந்தது, பெரியப்பா?

பூங்குழலி

*

தொண்டூர்,
03.03.2025

பூங்குழலிக்கு,

உன் கடிதம் கிடைத்தது.

நீ பதிவைச் சேர்த்தால் முழுதாகச் சேர். இல்லையென்றால் முழுதாக விடு. துண்டு துண்டாக விசாரணை செய்ய நான் குற்றவாளி இல்லை. இதற்கு மேல் இந்த விஷயமாக எழுதாதே.

தேதி விதி நாட்டுக்கு இருக்கட்டும். நான் மாற்றப்போவதில்லை.

தனகோட்டி

*

விசாகப்பட்டினம்,
14.03.2025

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

எழுதாதே என்றீர்கள். எழுதுகிறேன். இது உங்கள் நாற்பத்தொரு நாளைப் பற்றியது இல்லை, என்னுடைய ஒரு நாளைப் பற்றியது.

முதல் வருஷத்தில் எங்களுக்கு ஆள் மாற்றி ஆள் காலை ஐந்தரை மணி டியூட்டி. வளாகத்தில் இருக்கும் கருவிகளைப் பார்த்து எழுத வேண்டும். அதில் இரண்டு வெப்பமானிகள். ஒன்றின் குமிழில் துணி சுற்றி, துணியின் நுனியைச் சின்னக் கிண்ணத்துத் தண்ணீரில் விட்டிருப்பார்கள். ஈரம் காய்வதால் அது கொஞ்சம் குறைவாகக் காட்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துக் காற்றின் ஈரப்பதம் கணக்கிடுவோம். ஒருநாள் எனக்குக் காய்ச்சல். எழுந்து போகவில்லை. வேறு யாரிடமும் சொல்லவும் இல்லை, ஊரிலிருந்து வந்தவள் தாங்கமாட்டாள் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம். படுக்கையிலேயே 26 என்றும் 23.5 என்றும் எழுதிவைத்துவிட்டேன். அதற்கு முந்தைய இரண்டு நாளும் அப்படித்தான் இருந்தது.

அன்று கிண்ணத்தில் தண்ணீர் வற்றிப் போயிருந்தது. துணி காய்ந்திருந்தது. இரண்டு வெப்பமானிகளும் ஒரே எண்ணைத்தான் காட்டியிருக்கும். நடைப்பயிற்சிக்குப் போன பேராசிரியர் அதைப் பார்த்திருக்கிறார்.

வகுப்பில் அவர் என் பெயரைச் சொல்லவில்லை. அறைக்குக் கூப்பிட்டார். "எண்ணை அடிச்சிடு. பார்க்கலைன்னு எழுது. பக்கத்துல காரணம் எழுது" என்றார். நான் அதற்குப் பதிலாகப் பூஜ்யம் போடட்டுமா என்று கேட்டேன். அப்போதுதான் அவருக்குக் கோபம் வந்தது. பூஜ்யம் என்றால் நீ போய்ப் பார்த்தாய், அங்கே ஒன்றும் இல்லை என்று அர்த்தம். நீ போகவே இல்லை. இரண்டும் ஒன்றா என்று கேட்டார். காய்ச்சல் என்று காரணம் எழுதினேன். மறுநாளிலிருந்து அந்தப் பக்கத்தை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மூன்று வருஷத்தில் நான் படித்ததில் எனக்கு மறக்காதது இதுதான்.

அந்த வருஷ மழை நேரம் எனக்குக் கொஞ்சம் நினைவிருக்கிறது. பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். நைனாவும் நீங்களும் பேசிக்கொள்ளாத சமயம். அதற்கு மேல் எனக்குத் தெரியாது, அம்மாவிடம் கேட்கவும் மாட்டேன். நீங்கள் சொன்னால் தெரிந்துகொள்வேன்.

பேராசிரியர் சொன்னதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். காரணம் தெரிந்த இடைவெளி பதிவைக் கெடுக்காது. காரணம் தெரியாத நாற்பத்தொரு நாள் இருந்தால் மற்ற நாட்களையும் நம்ப முடியாது, முழுதாகத்தான் எடுக்க வேண்டும். ஏப்ரல் பதினைந்துக்கு முன்னால் அந்த வரியை மறுபடி எழுதும் நிலைக்கு என்னை விடாதீர்கள். இந்த முறை தெரிந்தே எழுத வேண்டியிருக்கும்.

பூங்குழலி

*

தொண்டூர்,
29.03.2025

பூங்குழலிக்கு,

இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது.

2019 ஐப்பசியில் பாகம் பிரித்தோம். சர்வேயர் சங்கிலி பிடித்து அளந்தார். மழைமானி மேடை உன் அப்பன் பக்கத்தில் நான்கு அடி உள்ளே விழுந்துவிட்டது. சின்ன விஷயம். ஆனால் அன்று கிணற்றுத் தண்ணீர் முறை விஷயமாக ஏற்கெனவே வாய்த்தகராறு ஆகியிருந்தது. மறுநாளே அவன் முள்வேலி போட்டான். நான் காலையில் குடுவையோடு போய் நின்றேன். அவன் அந்தப் பக்கம் நின்றான்.

"உள்ள வரணும்னா ஒரு வார்த்த கேட்டுட்டு வாண்ணா" என்றான்.

"எம் மழைய பாக்க உன்கிட்ட பர்மிஷனா?" என்றேன்.

ஒரு வார்த்தைதான் அவன் கேட்டது. அண்ணா என்று சொல்லித்தான் கேட்டான். அது இப்போது தெரிகிறது. அப்போது வேலி மட்டும்தான் தெரிந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

நோட்டைக் காலியாக விட்டிருக்கலாம். விடவில்லை. காலியாக இருந்தால் அவன் ஜெயித்ததாக ஆகும் என்று நினைத்தேன். இத்தனைக்கும் அவன் அந்த நோட்டைத் திறந்து பார்த்தவனே இல்லை. ஆகவே தினமும் செஞ்சியில் இறங்கியதும் முதல் வேலையாக, ஆபீஸில் தெரிந்த ஆளிடம் மழை அளவைக் கேட்டு, துண்டுச் சீட்டில் குறித்து, ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் நோட்டில் ஏற்றினேன். அவர் சொன்ன தேதியிலேயே ஏற்றினேன். என் வழக்கப்படி ஒரு நாள் பின்னே தள்ளி எழுதியிருந்தால் நீ கண்டுபிடித்திருக்க மாட்டாய். கை கூசும்போது கண் தேதியைப் பார்ப்பதில்லை.

அந்த நாட்களில் ஒன்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தொண்டூரில் ஒரு சொட்டு இல்லை. தார் ரோட்டில் உளுந்து காயப் போட்டிருந்தார்கள், அதை மிதிக்காமல் ஒதுங்கித்தான் வீட்டுக்கு வந்தேன். வந்து உட்கார்ந்து 32.6 என்று எழுதினேன்.

டிசம்பர் நாலாம் தேதி காலையில் உன் அம்மா ஜெயக்கொடி வாசலுக்கு வந்தாள். "அந்தப் பாட்டிலு ரொம்பி வழியுது மாமா. கொசு புடிக்குது. வந்து ஊத்திட்டுப் போங்க" என்றாள். கேட்காமல் உள்ளே போக எனக்கு ஒரு வழி கொடுத்தாள். வேலியில் ஒரு ஆள் நுழையும் அளவுக்கு முள்ளை விலக்கி வைத்திருந்தாள். போனேன். நாற்பத்தொரு நாள் மழையும் ஒரே பாட்டிலில் சேர்ந்து, வழிந்து, கலங்கிக் கிடந்தது. எது எந்த நாள் மழை என்று யாராலும் சொல்ல முடியாது. மேடைக்குப் பக்கத்தில் ஊற்றிவிட்டேன். உன் அப்பன் தூரத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டு பார்க்காதவன் போல நின்றான். பத்து நாள் கழித்து அவனாகவே பேசினான். நான் இதுவரை அதைப் பற்றி ஒன்றும் பேசியதில்லை.

உன் வெப்பமானிக் கதையைப் படித்த பிறகு ஒரு வாரம் உன்மேல் கோபமாகத்தான் இருந்தேன். எனக்கு வழி காட்ட எழுதினாய் என்று தெரிந்தது. பதினெட்டு வயதில் நீ ஒரே நாளில் அடித்துத் திருத்தியதை நான் ஐந்து வருஷமாகப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன்.

இனி ஆக வேண்டியது.

பூங்குழலி: பதினேழாம் பக்கத்தில் இந்தப் பதிவு நம்பத் தகுந்தது, நாற்பத்தொரு நாள் நீங்கலாக, என்று எழுத வேண்டும். நீங்கலாக என்பதை விட்டுவிடக் கூடாது. நாட்களைத் தள்ளுவது உன் கம்ப்யூட்டர் வேலை. அதை அங்கேயே செய்துகொள்.

நான்: செவ்வாய்க்கிழமை மழையைச் செவ்வாய்க்கிழமைக்கே எழுதிவருவேன். ஆனால் ஒவ்வொரு நோட்டின் முதல் பக்கத்திலும், எந்த முறையில் எழுதப்பட்டது என்று நாலு வரி எழுதி ஒட்டுவேன். எனக்குப் பிறகு பார்ப்பவன் குழம்பக் கூடாது.

நோட்டுகள்: இருபத்தேழையும் ஏப்ரல் முதல் வாரத்தில் நானே செஞ்சிக்கு எடுத்துப்போய் ஜெராக்ஸ் எடுப்பேன். கடைக்காரரிடம் விட்டுவிட்டு வரமாட்டேன். முடியும்வரை பக்கத்தில் நிற்பேன். ஒரு செட் உனக்குத் தபாலில் வரும். பன்னிரண்டு மாதமும் இருக்கும்.

ஜெயக்கொடி: நான் ஊரில் இல்லாத நாளில் எட்டரைக்கு அவள் அளக்க வேண்டும். பெயர் இருக்கும் இடத்தில் அவள் பெயரையே எழுத வேண்டும். அவளிடம் சொல்லிவிட்டேன். குடுவையைக் கழுவி வாங்கிக்கொண்டாள்.

ஆனந்தராஜ்: அந்த நான்கு அடி அவன் பக்கமே இருக்கட்டும். வேலியைத் தள்ளி நட வேண்டாம். வழிக்குப் படல் வைத்தால் பூட்டு மட்டும் போடக் கூடாது. பதினேழாம் பக்கத்தில் முதலில் என்ன எழுதியிருந்தது என்பதை அவனிடம் நானே சொல்வேன். இந்தக் கடிதத்தை நாளை அவனிடம் படித்துக் காட்டிவிட்டுத்தான் தபாலில் போடுவேன். கேட்டு முடிக்கும்வரை அவன் குறுக்கே பேசக் கூடாது.

மறுபடியும் நான்: 2019 நோட்டை எடுத்து, அக்டோபர் 24 முதல் டிசம்பர் 3 வரை எல்லா எண்ணையும் சிவப்பு மையில் அடிக்க வேண்டும். பூஜ்யம் போடக் கூடாது. அளக்கவில்லை என்று நாற்பத்தொரு முறையும் கைப்பட எழுத வேண்டும், மேற்படி என்று கோடு போட்டு ஒப்பேற்றக் கூடாது. ஓரத்தில் காரணம் எழுத வேண்டும். காரணம்: அளப்பவரின் வீம்பு.

தனகோட்டி